ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்றணுமா? சஸ்பென்ஷன் கேள்வி பதில்

சஸ்பென்ஷன் பற்றி இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: எதை ஜோடியாக மாற்ற வேண்டும், எதைத் தனியாக மாற்றினால் போதும், எதையெல்லாம் கழற்றிய கையோடு சேர்த்து மாற்றிவிடுவது லாபம்?

கேள்வி: என் கார் 85,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன்பக்க இடது ஷாக் அப்சார்பரில் ஆயில் ஒழுகுகிறது. வலதுபக்கம் காய்ந்தே இருக்கிறது. மெக்கானிக் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். ஒழுகாததை ஏன் கழற்ற வேண்டும்?

மெக்கானிக் சொல்வது சரிதான். வண்டியின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும்போது ஆயில் சின்னச் சின்ன வால்வுகள் வழியாக நெருக்கித் தள்ளப்படுகிறது. துள்ளலின் ஆற்றல் அங்கே வெப்பமாக மாறிப்போகிறது. வால்வுத் தகடுகள் தளர்வதும், பிஸ்டன் ஓரம் தேய்வதும், ஆயில் நீர்த்துப்போவதும் வெளியே தெரியாது. அதே ரோட்டில் அதே 85,000 கி.மீ. ஓடிய வலது ஷாக்கும் உள்ளே ஏறக்குறைய அதே அளவு தேய்ந்திருக்கும். ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் சீல் மட்டும்தான் இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

இடதில் மட்டும் புதிது போட்டால் ஒரு சக்கரம் ரோட்டோடு ஒட்டிப் போகும், மற்றது குதிக்கும். நேர் ரோட்டில் நிதானமாகப் போகும்போது இது தெரியவே தெரியாது. மேடுபள்ளத்தில் அழுத்தி பிரேக் பிடிக்கும்போதும், வளைவில் திரும்பிக்கொண்டே பள்ளத்தில் இறங்கும்போதும்தான் தெரியும். குதிக்கும் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. அந்தப் பக்கம் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு) சீக்கிரமே பிரேக்கை விடுவிக்கும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே ஷாக் என்றால் ஒரே அச்சில் இடதும் வலதும் சேர்த்துத்தான், அதுவும் ஒரே கம்பெனி, ஒரே வகை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இரண்டையும் மாற்றி 10,000 கி.மீ. கூட ஆகாத நிலையில் ஒன்று மட்டும் பள்ளத்தில் விழுந்து வளைந்திருந்தாலோ, தயாரிப்புக் கோளாறால் ஒழுகினாலோ, அதே பார்ட் எண் கொண்ட ஒன்றை மட்டும் மாற்றலாம்.

செலவு செய்யும் முன் ஒழுகல் உண்மையா என்றும் பார்த்துவிடுங்கள். ஷாக்கின் மேல்பகுதியில் தூசி ஒட்டிய லேசான எண்ணெய்ப் பூச்சு இயல்பானது. பிஸ்டனோடு சேர்ந்த ராடு ஏறி இறங்கும்போது சீலுக்கு எண்ணெய்ப் பசை வேண்டும். அதில் கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். மறுபடியும் ஈரமாகி, கோடு கோடாகக் கீழே இறங்கியிருந்தால் ஷாக் போய்விட்டது.

கேள்வி: முன்பக்கம் இரண்டு மாற்றும்போதே பின்பக்கமும் மாற்றி நான்கும் புதிதாக இருந்தால்தான் நல்லது என்கிறார்களே?

கட்டாயம் இல்லை. ஜோடி என்பது அச்சுக்கு ஜோடி. நிறைய கார்களில் பின் ஷாக் ஸ்பிரிங்கிலிருந்து தனியாக நிற்கும். மேலே ஒரு நட்டு, கீழே ஒரு போல்ட்டு, அவ்வளவுதான். அதைப் பின்னால் தனியாகச் செய்தாலும் கூலி இரட்டிப்பாகாது, அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்வது) தேவைப்படாது. எனவே "வந்ததோடு வந்ததாக" என்று பின்பக்கத்தைச் சேர்ப்பதில் பெரிய மிச்சம் எதுவும் இல்லை.

ஆனால் பின்பக்கத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். வேகத்தடை தாண்டியதும் பின்பகுதி ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் தளர்ந்துவிட்டது. பின் டயரின் மேற்பரப்பில் கையை ஓட்டிப் பாருங்கள். வரிசையாகக் குழி விழுந்தது போல மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் சக்கரம் குதித்துக் குதித்து ஓடுகிறது என்று பொருள். காசு ஒரு அச்சுக்குத்தான் இருக்கிறது என்றால், எது அதிகம் தளர்ந்திருக்கிறதோ அதற்குப் போடுங்கள். முன்பக்கம்தான் முக்கியம் என்று எழுதாத விதி எதுவும் கிடையாது. பின்பக்கம் தளர்ந்த கார் ஈரமான வளைவில் பின்னாலிருந்து வழுக்கும். அதைத் திருத்தி ஓட்டுவது சுலபமில்லை.

கேள்வி: ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது கூடவே எதையெல்லாம் வாங்கிவைக்க வேண்டும்? கடையில் நீளமான பட்டியல் தருகிறார்கள்.

முன்பக்கம் பெரும்பாலான கார்களில் இருப்பது மேக்பெர்சன் ஸ்ட்ரட். ஷாக், காயில் ஸ்பிரிங், மேல் மவுன்ட் எல்லாம் ஒன்றாகக் கோத்த அமைப்பு. ஷாக்கை மாற்ற வேண்டுமானால் முழு ஸ்ட்ரட்டையும் வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை நெருக்கி, உச்சி நட்டைக் கழற்ற வேண்டும். கூலியில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது. நாளைக்கு மவுன்ட் மட்டும் போனாலும் இதே வேலையை முதலிலிருந்து செய்யணும். அதனால் அந்த நட்டுக்குக் கீழே இருக்கும் ரப்பர் சாமான்கள் எல்லாவற்றையும் ஷாக்கோடு சேர்த்து மாற்றுவதே நாங்கள் சொல்லும் வழி.

ஒரு பக்கத்துக்கு வேண்டியது: ஸ்ட்ரட் மவுன்ட் 1, அதன் பேரிங் 1, பம்ப் ஸ்டாப்பர் 1, தூசி மறைப்பு 1, உச்சி நட்டு 1. ஸ்பிரிங்கின் மேலும் கீழும் உட்காரும் ரப்பர் நசுங்கியோ வெடித்தோ இருந்தால் அதுவும். இரண்டு பக்கத்துக்கும் இரண்டிரண்டு. இதில் பலரும் விட்டுவிடுவது பம்ப் ஸ்டாப்பரைத்தான். அது ஒரு நுரைக்கட்டி. பழைய வண்டியில் விரலால் தொட்டாலே பொடிந்து உதிரும். அது இல்லாமல் புது ஷாக் போட்டால் பெரிய பள்ளத்தில் பிஸ்டன் அடிவரை போய் மோதும், வால்வு உடையும். உதிர்ந்த துகளும் தூசியும் ராடில் ஒட்டி சீலைக் கிழிக்கும். விலை குறைந்த சாமானை மிச்சம் பிடித்து விலை கூடிய சாமானைக் கெடுப்பது இதுதான்.

ஸ்பிரிங் பட்டியலில் இருந்தால் யோசித்து வாங்குங்கள். ஸ்பிரிங் பொதுவாக ஷாக்கைவிட அதிக நாள் வரும். சமதளத்தில், ஆளும் பாரமும் இல்லாமல், டயர் காற்று சரியாக வைத்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். 10 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம். 15 மி.மீ.யைத் தாண்டினாலோ, இரு பக்கமுமே வண்டியின் கையேடு சொல்லும் உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, கீழ்ச்சுற்றில் துரு அரித்துக் குழி விழுந்திருந்தாலோ மாற்றலாம்.

வீட்டிலேயே செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நெருக்கப்பட்ட ஸ்பிரிங் நழுவினால் எலும்பை உடைக்கும், ஆளையே கொல்லவும் செய்யும். ஸ்பிரிங்கை நெருக்கும் கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளையும் நேரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் முறுக்குங்கள். ஸ்பிரிங் கிண்ணத்தில் தளர்ந்து ஆடுவதைப் பார்த்த பிறகுதான் உச்சி நட்டில் கை வைக்க வேண்டும். இதற்குத் துணிவு இல்லையென்றால் ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மாற்றி வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: புது ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையால் அழுத்தினால் பாதி தூரம் தடையே இல்லாமல் போகிறது. போலிச் சாமானா?

பெரும்பாலும் இல்லை. இரட்டைக் குழாய் ஷாக்குகள் கிடைமட்டமாகக் கிடந்தால் வேலை செய்யும் அறைக்குள் வாயு புகுந்துவிடும். வண்டியில் நிற்கிற வாக்கில் நிமிர்த்திப் பிடித்து, ராடை முழுதாக மேலே இழுத்து, மெதுவாக முழுதும் அழுத்துங்கள். 4, 5 முறை செய்ததும் தடை ஒரே சீராக வந்துவிடும். அதன்பின் படுக்கவைக்காமல் மாட்டுங்கள். அப்படியும் வெறுமை போகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ராடை எக்காரணம் கொண்டும் பிளையரால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் சில மாதத்தில் கிழியும். உச்சி நட்டை ஏர் கன்னால் இறுக்குவதும் தவறு. ராடு சுழன்று உள்ளே பிஸ்டன் நட்டுத் தளரும் ஆபத்து உண்டு. ராடின் நுனியை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்க வேண்டும்.

கேள்வி: லோயர் ஆர்மில் பின் புஷ் கிழிந்துவிட்டது என்றார்கள். புஷ் மட்டும் மாற்றலாமா, முழு ஆர்மா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? பால் ஜாயின்ட் நன்றாகத்தான் இருக்கிறதாம்.

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு கீழே இணைக்கும் கை. சட்டத்தோடு சேரும் இடங்களில் இருக்கும் ரப்பர் உருளைகள் புஷ், சக்கரப் பக்கம் இருக்கும் உருண்டை மூட்டு பால் ஜாயின்ட். முதலில் "கிழிந்தது" என்பதை நீங்களே பாருங்கள். ரப்பரின் மேல்தோலில் சிறு வெடிப்பு இருப்பது வயதின் அடையாளம், அவ்வளவே. நெம்புகம்பியால் ஆர்மைத் தள்ளும்போது வெடிப்பு ஆழமாகத் திறந்தாலோ, ரப்பர் இரும்பு வளையத்தை விட்டுப் பிரிந்திருந்தாலோ மாற்ற வேண்டும். சில கார்களில் பின் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். அது கசிந்திருந்தால் கேள்வியே இல்லை. ஓட்டும்போது தெரியும் அடையாளம்: பிரேக் பிடித்ததும் கீழே "டொக்" என்று ஒரு சத்தம், ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஒரு பக்கமும் பிரேக்கில் எதிர்ப்பக்கமும் ஸ்டீயரிங் லேசாக இழுப்பது.

அடுத்து பால் ஜாயின்ட். "நன்றாக இருக்கிறது" என்பதை எப்படிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். மேக்பெர்சன் அமைப்பில் வண்டியின் உடலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்க, ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் பகுதி) இடையே கம்பி விட்டு நெம்பிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் லோயர் ஆர்மின் மேல் உட்காரும் இரட்டை விஷ்போன் (மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம் உள்ள) வண்டியாக இருந்தால் ஜாக்கியை ஆர்முக்கே கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தமே ஜாயின்ட்டை இறுக்கி ஆட்டத்தை மறைத்துவிடும். ஆட்டம் இல்லாவிட்டாலும் அதன் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அது இனி நாளை எண்ணும் சாமான்தான். தண்ணீரும் மணலும் உள்ளே போன பிறகு எந்தக் கிரீஸும் காப்பாற்றாது.

இப்போது கணக்குப் போடலாம். பால் ஜாயின்ட் உறை முழுசாக இருக்கிறது, முன் புஷ்ஷும் சரி, பின் புஷ் மட்டும் போயிருக்கிறது என்றால் புஷ்ஷைப் பிரஸ் செய்து மாற்றுவது நியாயம். அதற்கு ஹைட்ராலிக் பிரஸ் உள்ள இடமாகப் பாருங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புது புஷ்ஷின் வளையம் நெளியும். அலுமினிய ஆர்ம் என்றால் வெடிக்கவும் செய்யும். புஷ்ஷில் இருக்கும் துளைகள் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்று ஒரு குறி இருக்கும். திருப்பிப் போட்டால் சத்தம் சில மாதங்களில் திரும்பி வரும். இந்த மூன்றில் இரண்டு போயிருந்தால் முழு ஆர்ம் வாங்குவதே மேல்: பிரஸ் கூலி மிச்சம், ஆர்ம் இறக்கும் வேலையும் ஒரே தடவையோடு முடியும்.

இரு பக்கமா என்றால், புஷ்ஷுக்கு ஆம். ஒரு பக்கம் புது ரப்பர் விறைப்பாகவும் மறுபக்கம் பழையது தொளதொளப்பாகவும் இருந்தால் பிரேக்கில் சக்கரங்கள் வெவ்வேறு அளவு பின்னால் தள்ளப்படும். பால் ஜாயின்ட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மறுபக்கத்தில் ஆட்டம் இல்லை, உறையும் முழுசு என்றால் விட்டுவிடலாம். தனியாகக் கழற்றி மாட்டும் வகையில் பால் ஜாயின்ட் வரும் கார்களில் கம்பெனி ரிவெட் அடித்திருப்பார்கள். அதைத் துளைத்து எடுத்து, புதியதை அதோடு வரும் போல்ட்டால் மாட்டலாம்.

இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிடுவார்கள். புஷ்ஷின் நடுக்குழாய் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே ஏறும், ரப்பர் துணி பிழிவது போல முறுக்கிக்கொள்ளும். நிற்கும்போதுகூட முறுக்கிலேயே இருக்கும் ரப்பர் சீக்கிரம் கிழியாமல் என்ன செய்யும்? கழற்றும் முன்பே சக்கர மையத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள உயரத்தை எழுதிவையுங்கள். மாட்டும்போது போல்ட்டுகளைக் கையிறுக்கமாக விட்டு, ஆர்மின் கீழ் ஜாக்கி கொடுத்து அதே உயரம் வரும்வரை தூக்கி, பிறகு டார்க் ரெஞ்சால் (சொன்ன அளவு விசையில் இறுக்க உதவும் ஸ்பேனர்) இறுக்குங்கள். புஷ் மாற்றியும் ஒரு வருடம்கூட வரவில்லை என்ற குறையில் புஷ்ஷின் தரத்தைத் திட்டுவதற்கு முன் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: லிங்க் ராடு ஒன்று மட்டும் ஆடுகிறது. அதுவும் ஜோடியா?

லிங்க் ராடு என்பது வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி. தனியாக மாற்றினால் வண்டியின் நடத்தையில் எந்த வித்தியாசமும் வராது. ஆனாலும் விலையும் வேலையும் குறைவு, மறுபக்கமும் அதே வயது என்பதால் பெரும்பாலும் ஜோடியாகவே மாற்றுகிறோம். ஸ்ட்ரட் வேலை நடக்கிறது என்றால் லிங்க் ராடு எப்படியும் கழன்றிருக்கும், அப்போதே மாற்றிவிடுங்கள். இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கும்போது கழற்றி மாட்டுங்கள். ஒன்று மட்டும் தொங்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு போல்ட்டு துளைக்கு நேராக வராது.

கேள்வி: இடது டை ராடு எண்டு போய்விட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் அலைன்மென்ட் செய்ய வேண்டுமா? ஷாக்கும் அடுத்த மாதம் மாற்றலாம் என்றிருக்கிறேன்.

டை ராடு எண்டு என்பது ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை. ஒன்றை மட்டும் மாற்றலாம், அலைன்மென்ட் கட்டாயம் வேண்டும். கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்று ஏற்றினாலும் அது அலைன்மென்ட் செய்யும் இடம் வரை ஓட்டிப்போகத்தான் போதும். புது எண்டின் நீளம் கடுகளவு மாறினாலும் டோ (சக்கரங்களின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறிவிடும்.

நீங்கள் யோசிக்க வேண்டியது வரிசையைத்தான். ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், அதன் புஷ், டை ராடு எண்டு, ரேக் எண்டு (அதே கம்பியின் உள்முனை): இதில் எதைத் தொட்டாலும் அலைன்மென்ட் வேண்டும். ஸ்ட்ரட்டை நக்கிளோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளின் துளையில் இருக்கும் சிறு இடைவெளியே கேம்பரை (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவை) மாற்றப் போதும். இந்த மாதம் எண்டு, அடுத்த மாதம் ஷாக் என்று பிரித்தால் அலைன்மென்ட்டுக்கு இரண்டு தடவை கொடுக்க வேண்டிவரும். லிங்க் ராடு, ஸ்டெபிலைசர் புஷ், தனியாக நிற்கும் பின் ஷாக் ஆகியவற்றுக்கு அது தேவையில்லை. அவற்றை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் எண்டில் ஆட்டம் இருந்தால் ஷாக்குக்காக அதை ஒரு மாதம் தள்ளிப்போடாதீர்கள். முடிந்தால் ஷாக்கை முன்னே கொண்டுவாருங்கள். புதிய கார்களில் அலைன்மென்ட் முடிந்ததும் ஸ்டீயரிங் கோண சென்சாரைச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம். முன்கண்ணாடியில் கேமரா உள்ள மாடல் என்றால் அதையும் சரிசெய்ய வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு ஷாக்கும் புதிது. ஆனாலும் சின்ன மேட்டில் "டக் டக்" சத்தம் போகவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

அந்தச் சத்தம் ஷாக்கினுடையதாகவே இருந்திருக்காது. தேய்ந்த ஷாக் அதிகம் சத்தம் போடாது, ஆட்டம்தான் போடும். மெதுவாகப் போகையில் சின்ன மேட்டில் வரும் "டக் டக்" பெரும்பாலும் லிங்க் ராடு. சந்தேகம் தீர இரண்டு பக்கத்து லிங்க் ராடையும் கழற்றிக் கட்டிவிட்டு, அதே இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் விடை கிடைத்துவிட்டது. வளைவில் வண்டி அதிகம் சாயும் என்பதால் இந்தச் சோதனையை அதற்கு மேல் நீட்டிக்க வேண்டாம்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது "டொய்ங்" என்று கம்பி அதிர்வது போலக் கேட்டால் ஸ்ட்ரட் பேரிங் இறுகிவிட்டது, அல்லது ஸ்பிரிங்கின் முனை கிண்ணத்தின் படியில் சரியாக உட்காரவில்லை. வேலை முடிந்த அன்றே புதிதாகத் தொடங்கிய சத்தம் என்றால் முதலில் உச்சி நட்டின் இறுக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு பக்க வீல் பேரிங் இரைகிறது. ஜோடியாக மாற்றச் சொல்கிறார்கள்.

வேண்டாம். இரைவதை மட்டும் மாற்றுங்கள். பேரிங் இடதுவலது சமநிலையில் பங்கெடுக்கும் சாமான் அல்ல. பேரிங்தானா என்பதை உறுதி செய்ய, சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம் தேடுங்கள்.

கேள்வி: பால் ஜாயின்ட்டில் ஆட்டம், ஷாக்கும் தளர்வு, லிங்க் ராடும் சத்தம். எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற நினைக்கிறேன், பணம் அடுத்த மாதம்தான் வரும். அதுவரை ஓட்டலாமா?

லிங்க் ராடு பொறுக்கும். ஷாக், வேகத்தைக் குறைத்து டயருக்கும், முன்னே போகும் வண்டியோடு விடும் இடைவெளிக்கும் கவனம் கொடுத்தால் ஒரு மாதம் பொறுக்கும். பால் ஜாயின்ட் பொறுக்காது. அது கழன்றால் சக்கரம் வெளியே மடங்கி வண்டி அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும். ஸ்டீயரிங் இருந்தும் பயனில்லை. சேர்த்துச் செய்தால் அலைன்மென்ட் ஒரு தடவை மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் இந்த ஒரு சாமானுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆட்டமுள்ள பக்கத்து ஜாயின்ட்டையோ ஆர்மையோ மட்டும் இப்போதே மாற்றி ஒரு அலைன்மென்ட் செய்துகொள்ளுங்கள். மற்றவை பணம் வந்தபின். அதுவும் முடியாதென்றால் வண்டியை எடுக்காதீர்கள்.